மனச்சிதைவு: மிகை அறிகுறி, குன்றல் அறிகுறி, மரபுச் சாய்வு

நண்பர்களுக்கு வணக்கம்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் பாசிட்டிவ், நெகட்டிவ் அறிகுறிகளை 'நேர்மறை', 'எதிர்மறை' என்று போட்டிருப்பதை அவசியம் மாற்ற வேண்டும். ஆளில்லாத அறையில் குரல் கேட்பதும், சோற்றில் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அசையாமல் நம்புவதும் இந்த 'நேர்மறை'யில் சேர்பவை. 'நேர்மறை அறிகுறிகள் கூடியுள்ளன' என்று மகனின் மருத்துவக் குறிப்பில் படிக்கும் அம்மா, பிள்ளை தேறிவருகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இயல்பில் இல்லாதது வந்து சேர்வது ஒருவகை, இருந்தது தேய்ந்துபோவது இன்னொருவகை. 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று குறளிலேயே அடி இருக்கிறது. ஆகவே முதல்வகைக்கு 'மிகை அறிகுறி'. அடுத்ததற்குக் 'குறை அறிகுறி' என்றால் லேசான அறிகுறி என்று பொருள்பட்டுவிடும் என்று இங்கே ஒருவர் சொன்னது சரி. 'குன்றல் அறிகுறி' என்று வைக்கலாம். பேச்சு சுருங்கி, முகத்தில் உணர்ச்சி மங்கி, குளிக்கக்கூட மனம் எழாமல் உட்கார்ந்திருப்பவரை வீட்டில் சோம்பேறி என்று திட்டுகிறார்கள். மாத்திரையில் குரல்கள் பலருக்கு அடங்குகின்றன, இந்தக் குன்றல் அவ்வளவு எளிதில் அசைவதில்லை. அதுவும் நோயின் பகுதிதான் என்று சொல்லும் பெயர் வேண்டும். நினைவு, கவனம், திட்டமிடல் தடுமாறுவதற்கு 'அறிதிறன் அறிகுறி' போதும்.

அப்புறம், 'பரம்பரை நோய்' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரக்கூடிய நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10%. ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒருகரு இரட்டையரில்கூட, ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதில்லை. 2022-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு, இந்நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மனித மரபுத்தொகுதியில் காட்டியது. அவற்றில் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறப்பவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு கூடும், ஆனால் அவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. இதைப் 'பரம்பரை நோய்' என்று அச்சிட்டால், அண்ணனின் நோயைக் காரணம் காட்டித் தங்கையின் கல்யாணப் பேச்சை நிறுத்துகிறவர்களுக்கு நாமே சான்று கொடுத்ததாகும்.

அதற்குப் பதிலாக, மரபுவழி வரும் வாய்ப்பைக் குறிக்கும் 'genetic predisposition' என்பதற்கு 'மரபுச் சாய்வு' என்பது என் பரிந்துரை. நோயின் பக்கம் சாய வைக்கிறது, கட்டாயம் தள்ளிவிடுவதில்லை. 'முன்னிணக்கம்' என்ற பரிந்துரை எனக்கு ஒட்டவில்லை, இணக்கம் என்றால் விரும்பி ஒத்துப்போவது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் சேர்த்துவிடலாம்.