புதுப்பிப்பு: குட்டிநாயும் தடுப்பூசியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டியை, தடுப்பூசிகள் முடியும் முன் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் தங்கக்கூடியது என்பதாலும், தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளின் பலனைத் தடுத்துவிடலாம் என்பதாலும், குட்டிக்கு 16 வார வயது நிறையும்வரை ஊசியைத் தொடர வேண்டும் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். ஆகவே குட்டி இப்போது வீட்டுச் சிமெண்டுத் தரையிலேயே விளையாடுகிறது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் எலிகள் மிகுதி என்பதால், மனிதருக்கும் தொற்றக்கூடிய எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் கேட்டுக் குட்டிக்குப் போட்டோம். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். குடற்புழு மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன; வயிற்று உப்பசமும் வடிந்தது. மாலைதோறும் அம்மா அதன் காதுமடலையும் விரலிடுக்குகளையும் விரித்து உண்ணி பார்க்கிறார். உண்ணி மருந்தைக் குட்டியின் எடைக்கேற்ப மருத்துவரிடமே வாங்குங்கள். பெரிய நாய்க்கு உரியதைத் தடவாதீர்கள்.