உறக்கத்தை அளக்கும் கடிகாரமும் ஏறிக்கொண்டிருக்கும் சந்தையும்: முதலீட்டைக் குறைக்க இது காரணமாகுமா?

தக்கலை ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த நான், சென்ற ஆண்டு ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கிடைத்த 24 லட்சத்தில் 18 லட்சத்தைப் பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளில் போட்டேன். சந்தை ஏறிக்கொண்டிருந்தது, உடன் பணியாற்றியவர்கள் எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். இன்று அது 20 லட்சமாக நிற்கிறது. ஆனால் மகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்சை இரவிலும் கட்டிக்கொண்டு படுக்கத் தொடங்கிய பிறகு, காலையில் அது காட்டும் உறக்க மதிப்பெண் 60ஐத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது. சந்தை இறங்கிய நாளின் இரவில் ஆழ்ந்த உறக்கம் 34 நிமிடம் என்று ஒருமுறை காட்டியது. என்னால் எவ்வளவு இழப்பைத் தாங்க முடியும் என்பதை எந்த ஆலோசகரையும்விட இந்தக் கடிகாரம் நேர்மையாகச் சொல்கிறது என்றே நம்புகிறேன். அதன் பேச்சைக் கேட்டு 10 லட்சத்தை வெளியே எடுக்கப் போகிறேன். தவறென்று நினைப்பவர்கள் காரணத்துடன் சொல்லுங்கள்.

நாகர்கோவில் கணக்கர்:
தவறென்றே சொல்கிறேன், சார். உறக்கத்தின் நிலைகளை முறையாக அளப்பதற்கு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் கையிலுள்ள கருவி அசைவையும், தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி அறியும் நாடித்துடிப்பையும் வைத்துக்கொண்டு, இது ஆழ்ந்த உறக்கமாக இருக்கலாம் என்று கணிக்கிறது. உறங்கிய மொத்த நேரத்தை அது ஓரளவு சரியாகச் சொல்லும். அசையாமல் விழித்துக் கிடப்பவரைப் பல நேரம் உறங்குவதாகவே எழுதிக்கொள்ளும். இப்படிப்பட்ட 34 நிமிடத்தை நம்பி 10 லட்சத்தை இடம் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல மதிப்பெண் வேண்டும் என்ற கவலையாலேயே உறக்கம் கெடுபவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டிலேயே எழுதி, அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

சந்தையைப் பொறுத்தவரை, 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தாண்டிய மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 8,000க்கும் கீழே போனது. 2010 நவம்பரில் மீண்டும் 21,000ஐத் தொட்டது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்தும், அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய உச்சத்தைக் கடந்தது. பொறுத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். கழற்ற வேண்டியது கடிகாரத்தைத்தான், முதலீட்டை அல்ல.

குலசேகரம் தோட்டக்காரர்:
கணக்கர் தம்பி சொல்லும் எண்கள் சரி. ஆனால் பொறுத்திருப்பதற்கு ஒருவரிடம் வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பதை அவர் விட்டுவிட்டார். மாதச் சம்பளம் வரும் 35 வயதுக்காரருக்கு அந்த மூன்றாண்டுகள் ஒரு காத்திருப்பு மட்டுமே. சாரைப் போல அந்தத் தொகையிலிருந்தே வீட்டுச் செலவுக்கு எடுத்தாக வேண்டியவருக்கு, 2008ஐப் போல ஒரு வீழ்ச்சி வந்தால் 18 லட்சம் 7 லட்சத்துக்கும் கீழே போய்விடும். அதிலிருந்தும் மாதாமாதம் எடுத்துச் சாப்பிட்டுவிட்டால், சந்தை மீண்டு வரும் நாளில் மீள்வதற்கு மூலதனம் எங்கே இருக்கும்?

ஏறும் விலையை நம்பி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை நான் ரப்பரில் பட்டுத் தெரிந்துகொண்டவன். 2011இல் ஷீட், அதாவது பாலை உறைய வைத்து எடுக்கும் ரப்பர் தகடு, விலை கிலோவுக்கு 240 ரூபாய் வரை போனது. எங்கள் பகுதியில் பலரும் 300 ஆகட்டும் என்று விற்காமல் வைத்திருந்தோம். என் புகைப்புரையில் ஷீட்டுகளைக் கயிற்றில் நெருக்கித் தொங்கவிட இடம் போதாமல், வீட்டின் பின்னறையிலும் அடுக்கி வைத்தேன். ஆனி மாத மழையில் அடியில் இருந்தவற்றில் வெள்ளைப் பூசணம் பிடித்தது. என் மனைவி ஒவ்வொரு ஷீட்டாக எடுத்துத் துணியால் துடைத்து மறுபடியும் புகையில் இட்டாள். விலையோ ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மகளின் கல்லூரிக் கட்டணம் விலை ஏறும்வரை காத்திருக்கவில்லை. கிடைத்த விலைக்கு விற்றேன். ஆகவே சார், கடிகாரம் என்ன சொன்னாலும் சரி, பணத்தை எடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதற்கு நான் இரவு எட்டரைக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுகிறேன்; வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். என் மருமகன் தந்த இதே வகைக் கருவி, எனக்கு உறக்கம் போதவில்லை என்று தினமும் எச்சரித்தது. முப்பது ஆண்டுகளாக இப்படித்தான் உறங்குகிறேன். ஒரு வாரத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

கருங்கல் செவிலியர்:
அண்ணன் கழற்றியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் கழற்றிவிட வேண்டும் என்று சொல்வதை ஏற்க மாட்டேன். என் கணவரின் கடிகாரம் இரவில் அவருடைய ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு திரும்பத் திரும்ப இறங்குவதைக் காட்டியது. அவர் குறட்டை விடுவார் என்பது தெரியும். மூச்சு நின்று நின்று வருகிறது என்பதை நான் அதன் பிறகுதான் விழித்திருந்து கவனித்தேன். ஓர் இரவு முழுவதும் தலையிலும் மார்பிலும் கம்பிகள் ஒட்டிச் செய்த பரிசோதனையில் உறக்க மூச்சுத்திணறல் உறுதியானது. இப்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவியைப் பொருத்திக்கொண்டு உறங்குகிறார். காலைத் தலைவலி போய்விட்டது. கடிகாரம் நோயைக் கண்டுபிடிக்கவில்லை, மருத்துவரிடம் போகச் சொன்னது. அந்த அளவில் அது பயனுள்ளதுதான்.

ஆசிரியர் சாரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் உறக்கம் சந்தையால்தான் கெடுகிறது என்பது உறுதியா? குறட்டை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள்? உடம்பில் ஒரு நோய் இருந்து, அதைச் சந்தையின் குற்றமென்று நினைத்துப் பணத்தை எடுத்துவிட்டால், பணமும் இடம் மாறியிருக்கும், நோயும் அப்படியே இருக்கும்.

நாகர்கோவில் கணக்கர்:
செவிலியர் அக்கா சொன்னதற்குப் பிறகு, கடிகாரத்தைக் கழற்றுங்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தோட்டக்கார அண்ணாச்சி சொன்ன வயதுக் கணக்கையும் மறுக்க முடியாது. ஆனால், சந்தை உச்சத்தில் இருக்கிறது என்று அஞ்சி விற்பதும், ஐந்தாண்டுச் செலவுக்குத் தேவை என்று விற்பதும் ஒன்றல்ல என்பதில் உறுதியாக நிற்கிறேன். முன்னதைச் செய்பவர், மறுநாளும் சந்தை ஏறினால் மனம் பொறுக்காமல் அதிக விலைக்குத் திரும்ப வாங்குகிறார். என்னிடம் கணக்குப் பார்க்க வருபவர்களிடம் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆகவே 10 லட்சம் என்ற எண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், வீட்டுச் செலவு நோட்டிலிருந்து எடுங்கள் சார். போட்டு ஓராண்டு நிறையாத யூனிட்டுகளை விற்றால் லாபத்துக்கு 20 விழுக்காடு வரி. ஓராண்டு கடந்தால், 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5 விழுக்காடு. எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று பாருங்கள். எடுக்கும் தொகையை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வைக்கலாம். 30 லட்சம் வரை அனுமதி உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும்.

குலசேகரம் தோட்டக்காரர்:
தேதி பார்ப்பது நல்லதுதான் தம்பி. ஆனால் வரியை மிச்சப்படுத்த நாலு மாதம் காத்திருந்து, அந்த நாலு மாதத்துக்குள் சந்தை விழுந்தால் மிச்சம் எது? சாரிடம் உள்ள லாபமே 2 லட்சம். அதற்கு முழு வரி போட்டாலும் 40,000. என் ஷீட்டும் இதைப் போன்ற ஒரு கணக்கில்தான் தங்கிப்போனது.

தக்கலை ஆசிரியர்:
எல்லோருக்கும் நன்றி. செவிலியர் கேட்டதை நேற்றிரவு என் மனைவியிடம் கேட்டேன். சில ஆண்டுகளாகவே நான் குறட்டை விடுவதாகவும், நடுவில் சத்தம் நின்றுபோனால் பயந்து என் தோளைத் தட்டுவதாகவும் சொன்னாள். முதலீடு செய்வதற்கு வெகுகாலம் முன்பே இது இருந்திருக்கிறது. திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். அதுவரை கடிகாரம் கையில் இருக்கும், மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டேன். செலவு நோட்டை வைத்துக் கணக்குப் போட்டதில், கையிலுள்ள 6 லட்சம் போக ஐந்தாண்டுக்கு 9 லட்சம் வேண்டியிருக்கிறது. வரியில் கணக்கர் சொல்வதைவிடத் தோட்டக்காரர் சொல்வதே என் நிலைமைக்குப் பொருந்துகிறது. அந்த 9 லட்சத்தை ஃபண்டிலிருந்து எடுப்பதற்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுக்கிறேன். மீதியைத் தொடப் போவதில்லை.