கலிஃபோர்னியாவில் வண்டி ரிஜிஸ்ட்ரேஷன், நீல பார்க்கிங்: எங்கே எவ்வளவு அபராதம்?

கேள்வி: டெக்சாஸிலிருந்து சான் ஹோசேக்கு மாறி வந்திருக்கோம். டெக்சாஸ் பிளேட் இன்னும் 8 மாசம் செல்லும். அது முடிஞ்சதும் மாத்தினா போதுமா? அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகப்போகுது. நீல இடத்தில் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங்) நிறுத்தலாமா?

பதில்: 8 மாசம் காத்திருக்காதீங்க. இங்கே வேலையோ வாடகை வீடோ எடுத்துத் தங்க ஆரம்பிச்சதுமே கணக்கு ஓடுது: வண்டிப் பதிவுக்கு 20 நாள், டிரைவிங் லைசென்ஸுக்கு 10 நாள். பழைய பதிவு அட்டை, டைட்டில் (வண்டி உரிமைப் பத்திரம்), ஆர்இஜி 343 பதிவு விண்ணப்பப் படிவம், தேவைப்பட்டா ஸ்மாக் (புகைச் சோதனை) சான்றிதழ், எல்லாத்தோடும் வண்டியையே டி.எம்.வி.க்கு (மாநில வாகனப் பதிவு அலுவலகம்) ஓட்டிட்டுப் போங்க. வி.ஐ.என். எண்ணை (வண்டியில் பொறிச்ச அடையாள எண்) அவங்க நேரில் பார்ப்பாங்க. பலர் மாட்டுறது வேற இடத்தில்: கலிஃபோர்னியா புகை விதிக்குச் சான்று இல்லாத புது வண்டி 7,500 மைலுக்குக் கீழே ஓடியிருந்தா, பொதுவா இங்கே பதிவே ஆகாது.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் ரினியூவல். தாமதக் கட்டணம் சீரா ஏறாது, தாவும். வாகன லைசென்ஸ் ஃபீ (வண்டி மதிப்பை வெச்சுப் போடும் வருடக் கட்டணம்) 195 டாலர்னு வெச்சுக்குங்க. 10 நாள் வரை தாமதம்னா அதில் 10%, கூட ரெண்டு தனித் தாமதக் கட்டணம் 10 + 10 டாலர்: மொத்தம் 39.50. 30 நாள் வரை 20%, கூட 15 + 15: 69. 31-ஆம் நாள் 60%, கூட 30 + 30: 177 டாலர். அந்த ஒரு நாளில் 108 டாலர் கூடுது, அதனால 30-க்குள் கட்டிடுங்க. 6 மாசம் தாண்டினா தெருவில் நிற்கும் வண்டியை இழுத்துட்டுப் போக போலீஸுக்கு அதிகாரம் உண்டு. ஊருக்குப் போய் மாசக்கணக்கில் தங்குறவங்க, வண்டியை வீட்டுக் கராஜில் வெச்சு, ‘பிளான்டு நான்-ஆபரேஷன்’ (வண்டி ரோட்டில் ஓடாது, நிற்காதுன்னு டி.எம்.வி.யிடம் சொல்றது) பதிஞ்சுட்டுப் போறது நல்லது.

பிளாகார்டு (கண்ணாடியில் மாட்டும் மாற்றுத்திறனாளி அனுமதி அட்டை) இல்லாம நீல இடத்தில் நிறுத்தினா குறைந்தபட்ச அபராதமே 250 டாலர். டிரைவர் உள்ளே உட்கார்ந்து எஞ்சின் ஓடினாலும் டிக்கெட்தான். மால் பார்க்கிங்கிலும் இதே சட்டம். பக்கத்தில் கோடு போட்ட பட்டையில் யாருமே நிறுத்தக் கூடாது, பிளாகார்டு இருந்தாலும். சக்கர நாற்காலி இறங்கும் சாய்தளம் விரியிற இடம் அது. அங்கே ஒரு கார் நின்னா, ஷாப்பிங் முடிச்சு வர்றவர் தன் வண்டிக்குள்ளேயே ஏற முடியாது. ‘ரெண்டு நிமிஷம்தானே’ன்னு அங்கே நிறுத்துறது கொடுமை.

அத்தைக்கு டாக்டர் கையெழுத்தோடு ஆர்இஜி 195 விண்ணப்பப் படிவத்தை டி.எம்.வி.யில் கொடுத்தா தற்காலிக சிவப்பு பிளாகார்டு கிடைக்கும், அதிகபட்சம் 180 நாள். அது அத்தைக்குத்தான், காருக்கு இல்லை. அவங்களை வீட்டில் விட்டுட்டு நீங்க மட்டும் காஸ்ட்கோ போய் அதை மாட்டினா, பிளாகார்டும் பறிபோகலாம், 1,000 டாலர் வரை அபராதமும் வரலாம்.

இன்னொரு பதில்: முறையான பிளாகார்டு இருந்தும் மாட்ட மறந்து டிக்கெட் வந்தா, முழுசும் கட்டிடாதீங்க. டிக்கெட் தேதியிலிருந்து 21 நாளுக்குள், அன்னைக்கு அது செல்லுபடியா இருந்ததுக்கு ஆதாரம் காட்டி மறுபரிசீலனை கேளுங்க. ரத்தானா 25 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. கண்டுக்காம விட்டா அந்தத் தொகை டி.எம்.வி.க்குப் போய் அடுத்த ரினியூவலையே நிறுத்திடும்.