பரிசோதனைப் படங்கள்: இன்றும் உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்று எது?

தகரடப்பா:

சோலார்கிராஃப், அதாவது ஊசித்துளை டப்பாவில் மாதக்கணக்கில் சூரியனின் பாதையைப் பதியும் படம், இங்குள்ள பலருக்கும் பழக்கமானது என்பதால் செய்முறைக்குள் நான் போகவில்லை. டிசம்பர் கதிர்த்திருப்பத்தில் மாடிக் கம்பியில் இறுகக் கட்டிய ஊசித்துளை டப்பாவை, ஜூன் கதிர்த்திருப்பம் கழிந்த மறுநாள் அவிழ்த்தேன். உள்ளே வளைத்துச் செருகியிருந்த கருப்பு வெள்ளை ஒளிப்படத் தாளில், படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசல் எதுவும் படாமலேயே, செம்பழுப்பு நிறத்தில் ஒரு நெகட்டிவ் தானாக உருவாகியிருந்தது. சூரியன் நாளுக்கு நாள் ஏறிச் சென்ற பாதை வில் வில்லாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு பட்டை வெறுமையாக இருந்தது. அது எந்த வாரங்களைக் குறிக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தபோதுதான், வானம் விடாமல் மூடிக்கிடந்ததால் வெளிச்சமே இல்லையென்று சலித்துக்கொண்டு நான் கேமராவைத் தொடாமல் இருந்த நாட்கள் அவை என்று தெரிந்தது. நான் படமே எடுக்காத அந்த நாட்களையும் தாள் விடாமல் குறித்து வைத்திருந்தது.

என்னை அரிப்பது அடுத்து நடந்தது. தாளை ஸ்கேனரில் வைத்து, ஒளிப்பட்டை ஒருமுறை கடந்த பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன். தாள் முன்பிருந்ததைவிடக் கருத்திருந்தது. இரண்டாம் முறை ஸ்கேன் செய்தபோது மெல்லிய கோடுகள் சில மங்கலாகிவிட்டன. ஃபிக்ஸ் செய்யாத, அதாவது மேலும் ஒளிபட்டு மாறாதபடி நிலைப்படுத்தாத தாள் என்பதால் இது எதிர்பார்க்க வேண்டியதே என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனாலும், படத்தைப் பார்ப்பதற்குத் தேவையான அதே வெளிச்சம் படத்தைத் தின்பதைக் கண்ணெதிரே கண்ட பிறகு, எனது படைப்பு அந்தத் தாளா, கணினியில் கிடக்கும் முதல் ஸ்கேனா என்ற கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. தாள் இப்போது கருப்பு உறைக்குள் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கவும் தயக்கமாக இருக்கிறது.

நீலத்தாள்:

உங்களுக்கு நடந்ததற்கு நேர் எதிரான ஒன்று எனக்கு நடந்தது. என் அம்மாவின் முகத்தைச் சயனோடைப் முறையில், அதாவது இரும்பு உப்புக் கரைசலால் நீல நிறப் படம் தரும் முறையில், அச்சிட்டிருந்தேன். ஒளிபுகும் தாளில் நெகட்டிவ் எடுத்து, பருத்தித் தாளில் கரைசல் பூசி, வெயிலில் வைத்து, தண்ணீரில் அலசிய வழக்கமான வேலைதான். புருவத்தின் கீழிருந்த நிழல் ஆழ்ந்த நீலமாக இறங்கியிருந்தது அந்த அச்சின் சிறப்பு. சன்னலுக்கு எதிரே மாட்டிவைத்திருந்ததில், கோடை முடிவதற்குள் அந்த நிழல் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, கண்கள் இரண்டும் ஏறத்தாழ மறைந்துவிட்டன. மனம் கசந்து அதைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

வெகுநாள் கழித்து வேறெதையோ தேடும்போது அது கைக்கு வந்தது. நீலம் திரும்பியிருந்தது. எடுத்து அம்மாவிடம் காட்டினேன். ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "புதிதாக ஒன்று போட்டாயா?" என்றார். இல்லை, பழையதுதான் என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த இந்த முறையின் இயல்பே இதுதான் என்று பிறகு படித்து அறிந்தேன். கடும் ஒளியில் அந்த இரும்பு நீலம் வெளிறிய வடிவமாகக் குறைகிறது. இருட்டில், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மீண்டும் நீலமாக்குகிறது. இப்படித் திரும்புவது ஒளியால் வெளுத்த அச்சுக்குத்தான். காரத்தன்மையுள்ள அட்டையில் ஒட்டியதால் வெளுத்துப் போனது திரும்பாது. ஆகவே ஆவணக்காப்புத் தரம் என்று விற்கப்படும், காரம் சேர்த்த அட்டைகளைச் சயனோடைப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். காரணம் விளங்கிய பிறகும், அம்மாவின் முகம் இழுப்பறைக்குள் தானாகத் தேறிக்கொண்டிருந்தது என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது சன்னல் அருகே சில மாதமும் இருட்டில் சில மாதமுமாக அதை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து வருகிறேன்.

இருட்டறைவாசி:

தகரடப்பா அவர்களே, இதில் தத்துவம் எதுவும் இல்லை. தாளில் நீக்கப்படாமல் இருக்கும் வெள்ளி உப்பு வெளிச்சத்தில் கருக்கத்தான் செய்யும். அதை நீக்கும் ஃபிக்ஸர் கரைசலான ஹைப்போவில் போட்டு, ஓடும் நீரில் நன்றாக அலசி, உலர்த்தி வைத்துவிட்டால் தீர்ந்தது. நிறம் சிறிது மாறும், கொஞ்சம் வெளுக்கும். அதனால் என்ன? முதல் ஸ்கேன் எப்படியும் உங்களிடம் இருக்கிறது. இனிமேல் ஸ்கேன் செய்யும்போது முன்னோட்டம் பார்க்கும் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். அந்த ஒரு ஓட்டமே தாளில் ஒருமுறை ஒளி படச் செய்யும் எக்ஸ்போஷருக்குச் சமம். அளவுகளையெல்லாம் வேறொரு தாளை வைத்து முன்கூட்டியே அமைத்துக்கொண்டு, உண்மையான தாளை வைத்ததும் ஒரே ஓட்டத்தில், 16 பிட்டில், உங்கள் ஸ்கேனர் மெய்யாகத் தரக்கூடிய உச்சத் துல்லியத்தில் எடுத்துவிடுங்கள். தாள் வளைந்திருந்தால் கண்ணாடிக்கு அடியில் இருட்டிலேயே ஓரிரவு அழுத்தி வையுங்கள். டப்பாவின் மூடியைச் சுற்றிக் கருப்பு ஒட்டுநாடாவை இரண்டு அடுக்காகச் சுற்றுவதும் அவசியம், ஏனெனில் இம்முயற்சிகளைப் பல நேரங்களில் கெடுப்பது உள்ளே கசியும் நீர்தான்.

என் அனுபவம் என்று கேட்டால், காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மூன்றையும் கலந்து ஃபிலிம் கழுவினேன். படம் வந்தது. நாற்றமும் வந்தது. வீட்டில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

முக்காலி:

நெரிசலான பொது இடங்களில் நீண்ட எக்ஸ்போஷர் எடுத்து, நடமாடும் மனிதர்கள் அனைவரையும் மறையச் செய்வது என் முதல் தொடருக்கான திட்டம். லென்ஸுக்குள் வரும் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டரைப் போட்டால் 1/30 நொடி போதுமான காட்சிக்கு ஏறத்தாழ 34 நொடி தேவைப்படும். அவ்வளவு நேரத்தில் நடப்பவர்களின் தடமே பதியாது. 1838இல் ஒளிப்பட முன்னோடியான டாகெர் பாரிஸ் நகரச் சாலை ஒன்றை எடுத்தபோது, போக்குவரத்து முழுவதும் மறைந்து, காலணிக்கு மெருகு போட நின்றுகொண்டிருந்த ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எனக்கும் அப்படி ஒருவர் அமைந்தார். ரயில் நிலைய நடைமேடை இருக்கையில் ஒரு பெரியவர் அசையாமல் அமர்ந்திருந்தார். விரல்கள் மட்டும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. படத்தில் அவர் முகமும் சட்டை மடிப்பும் கூர்மையாக நின்றன. மணிக்கட்டுக்குக் கீழே கை புகைபோல் கரைந்திருந்தது. சுற்றிலும் நடைமேடை துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

என்ன எடுத்தாய் என்று அவர் கேட்டதால் திரையைக் காட்டினேன்.

"இவ்வளவு கூட்டம் இருந்ததே, எங்கே போயிற்று?"

"நடந்துகொண்டே இருந்தவர்கள் பதியவில்லை, ஐயா. உட்கார்ந்திருந்ததால் நீங்கள் பதிந்துவிட்டீர்கள்."

திரையை மறுபடியும் பார்த்தார். பின்பு, "இதை யாரிடமும் காட்டாதே, அம்மா. எல்லோரும் போன பிறகு நான் மட்டும் மிச்சம் என்பதுபோல் இருக்கிறது" என்றார். காட்ட மாட்டேன் என்று சொன்னேன். அவருடைய ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். அந்தத் தொடரிலேயே சிறந்த படம் அதுதான். அதை எவருக்கும் காட்டவில்லை. இங்கே சொற்களால் விவரிப்பது வாக்கை மீறியதாகுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

தொடர்படம்:

முக்காலி அவர்களே, பொது இடத்தில் இருப்பவரைப் படமெடுப்பதற்கு அனுமதி வேண்டியதில்லை என்பதே பல நாடுகளின் பொதுவான நிலை. அவர் கேட்டுக்கொண்டது ஒரு நொடி உணர்ச்சி. ஒரு தொடரின் உச்சப் படத்தை அதற்காக நிரந்தரமாகப் பூட்டி வைப்பது, வளர்ந்துவரும் ஒருவர் தம்மையே தண்டித்துக்கொள்வதாகும் என்பது என் கருத்து. முகம் தெரியாதபடி வெட்டியாவது பயன்படுத்தலாமே, கரைந்த கை மட்டுமே ஒரு படத்துக்குப் போதும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். மேலே எழுதிய எல்லோருமே ஒற்றைப் படத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். பரிசோதனை வேறு, தொடர் வேறு. எடுத்தவற்றை உள்ளங்கை அளவில் மலிவாக அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். ஒருவாரம் அப்படியே கிடக்கட்டும், போகும்போதும் வரும்போதும் பாருங்கள். எந்தப் படத்தின் பக்கத்தில் எதை வைத்தால் இரண்டும் பலப்படுகின்றன, எது தன் பக்கத்துப் படத்தைக் கொன்றுவிடுகிறது என்பது கணினித் திரையில் தெரியாது, தரையில் தெரியும். அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டுமே தங்கியிருக்கும் படங்களை முதலில் அகற்றுங்கள். பிறகு, ஒரே செய்தியை இரண்டு முறை சொல்பவற்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள். நுட்பத்தின் பெயரை விளக்கக்குறிப்பில் எழுதாமல் பார்வையாளரிடம் காட்டிப் பாருங்கள். சயனோடைப் என்று அறியாமலேயே ஒருவர் அந்த நீலத்தின் முன் நிற்கிறாரா என்பதே சோதனை. எனக்கும் இப்படியொரு படம் உண்டு: லென்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எடுத்தது. தொடரில் பொருந்தவில்லை, நீக்கிவிட்டேன்.

இரட்டைப்பதிவு:

தொடர்படம் அவர்கள் தம் கதையை ஒரு வரியில் முடித்துவிட்டு, பிறருக்கு மட்டும் பாடம் எடுப்பது வேடிக்கையாக இருக்கிறது. சட்டம் அனுமதிப்பதும், முகத்துக்கு நேரே சொன்ன சொல்லைக் காப்பதும் வெவ்வேறு.

நான் செய்தது ஃபிலிம் பரிமாற்றம்: ஒருவர் எடுத்து முடித்த சுருளிலேயே இன்னொருவர் மறுபடியும் எடுப்பது. ஐஎஸ்ஓ 200 என்ற ஒளி உணர்திறன் கொண்ட ஃபிலிமை இருவருமே கேமராவில் 400 என்று அமைத்துக்கொள்வது ஏற்பாடு. இரண்டு பதிவுகள் சேரும்போது வெளிச்சம் மிகாமல் இருக்க இது உதவும். முழுச் சுருளையும் நான் எடுத்து, நுனி வெளியே நிற்கும்படி திரும்பச் சுற்றி, நேரில் சந்தித்திராத ஒரு நண்பருக்கு அஞ்சலில் அனுப்பினேன். நான் என்ன எடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது.

அவரும் எடுத்து முடித்து, கழுவி வந்த சுருளில் ஒரு ஃபிரேம் மட்டும் ஒழுங்கு தவறியிருந்தது. என் தங்கை கண்மூடி நிற்கும் படம் அது. அவளுடைய கருங்கூந்தல் முழுவதும் அவர் எடுத்த மாடிப்படிகள் ஏறிப் போகின்றன. இருண்ட பகுதியில்தான் இரண்டாம் படம் தங்கும் என்பதால் கூந்தல் அதற்கு வாகாக அமைந்துவிட்டது. ஆனால் அவருடைய இரு ஃபிரேம்களுக்கு இடையிலான எல்லை, அவளுடைய இடக்கன்னத்தை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு போகிறது. நண்பருக்கு அந்தக் கோடுதான் உயிர். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைத் தடவிக்கொடுக்கத் தோன்றுகிறது. இருவர் ஒப்புதலும் இல்லாமல் எதையும் வெளியிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே பேசியிருந்தோம். தங்கையைக் கேட்கலாம் என்றால், அவள் இரு பக்கமும் சேராமல், படிகள் நன்றாக இருக்கின்றன என்கிறாள். வழக்கு நிலுவையில் இருக்கிறது.

முக்காலி:

தொடர்படம் அவர்களுக்கு: வெட்டிப் பயன்படுத்துவதாக இல்லை. அந்தக் கையும் அவருடையதுதான்.

தகரடப்பா:

இருட்டறைவாசி சொன்னதைப் பாதி கேட்டேன். தாளின் ஓரத்தில், சூரியப் பாதை எதுவும் படாத இடத்தில், விரலகலத் துண்டு ஒன்றை மங்கலான சிவப்பு விளக்கில் வெட்டி ஹைப்போவில் இட்டேன். செம்பழுப்பு போய், வெளிறிய மஞ்சள் கலந்த பழுப்பு வந்தது. தொலைவிலிருந்த கட்டடத்தின் விளிம்பு அதில் தெரிகிறது, ஆனால் வானத்தின் நிறபேதம் முழுவதும் போய்விட்டது. மீதித் தாளைத் தொடவில்லை. மழை நாட்களின் வெறும் பட்டை அதில்தான் இருக்கிறது. அடுத்த டப்பாவில் ஒரே அளவுள்ள இரண்டு தாள்களை அடுத்தடுத்துச் செருகிக் கட்டியிருக்கிறேன். ஒன்றை ஹைப்போவில் இடுவேன், மற்றதை விட்டுவிடுவேன். நீலத்தாள் அவர்கள் தம் அச்சை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறார் என்று சொன்னால், அதே கால அளவில் நானும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுப்பேன்.