வில் வேட்டை சீசன் முடிஞ்சுது, என்ன கத்துக்கிட்டீங்க?

மிச்சிகன்வாசி: ஜனவரி 1ஓட எங்க பக்கம் சீசன் க்ளோஸ், ஒரு மானும் சிக்கல. நவம்பர்ல ஒரு பெரிய வெள்ளைவால் மான் 25 யார்டுல நின்னுச்சு, அம்பு விட்டேன், நாண் சத்தத்துக்கே உடம்பைத் தாழ்த்திருச்சு, அம்பு முதுகுக்கு மேல போயிருச்சு. உங்களுக்கு எப்படி?

பழைய அம்பு: அது ஓடறதுக்கு எம்புறப்போ குனியுது ப்ரோ, அம்பைப் பாத்து இல்ல. காது விறைச்சு நிக்கற மான் மேல விடாதீங்க.

பரண்வாசி: எனக்கு காத்துதான் வில்லன். சாயங்காலம் குளிர்ந்த காத்து சரிவுல கீழ இறங்கும்னு யோசிக்காம மேட்டுல பரண் போட்டேன், என் வாடை பூரா பள்ளத்துக்குப் போயி மானெல்லாம் அங்கிருந்தே ஓடிருச்சு.

குளிர்காடு: வயித்துல அம்பு பட்ட மானை அரை மணியிலயே தேடப் போனேன், எந்திரிச்சு ஓடி கிடைக்கவே இல்ல. 8 மணி நேரமாச்சும் விட்டிருக்கணும், இன்னும் மனசு கேக்கல.