அப்பாயின்ட்மென்ட்டுக்கு என்ன சொல்: நியமனம், சந்திப்பு, நேர ஒதுக்கீடு

வணக்கம் நண்பர்களே,

நாம் தமிழாக்கும் மேசைக்கணினி நாட்காட்டிச் செயலிகளான எவல்யூஷன், தண்டர்பேர்ட், கே-ஆர்கனைசர் ஆகியவற்றுக்கான சொற்பட்டியலில் பெரும்பகுதி சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. நாட்காட்டி, பணி, நினைவூட்டல், அழைப்பு, பங்கேற்பாளர் ஆகிய சொற்களை யாரும் மறுக்கவில்லை. அப்பாயின்ட்மென்ட் என்ற ஒரு சொல்லில்தான் வண்டி நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகளை எவல்யூஷன் செயலியின் பட்டிகளில் பொருத்திப் பார்த்தேன். அதை வைத்துத்தான் இந்த மடல்.

முதலில் ‘நியமனம்’. அகராதியில் முதலில் வரும் பொருள் அது என்பதால் பட்டியலில் ஏறியிருக்கிறது. ஆனால் தமிழில் நியமனம் என்றால் வேலைக்கு அமர்த்துவது, வேறு எதுவும் இல்லை. ஆசிரியர் நியமனம், கருணை அடிப்படையில் பணி நியமனம், நியமன ஆணை என்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒரே பொருளில் புழங்குகிறது. ‘புதிய நியமனம்’ என்ற பொத்தானைப் பார்க்கும் ஒருவர் இது அலுவலக நிர்வாகத்துக்கான மென்பொருள் என்றுதான் நினைப்பார். அதை அழுத்தினால் தேதியும் நேரமும் கேட்கும் பெட்டி திறக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதை இப்போதே கைவிட்டுவிடலாம்.

அடுத்தது ‘சந்திப்பு’. பலர் இதற்கு ஆதரவு தந்திருக்கிறீர்கள், காரணமும் புரிகிறது: படித்தவுடன் விளங்குகிறது. ஆனால் செயலி என்ன செய்கிறது என்று பார்த்தால் இந்தச் சொல் பாதி இடத்தில்தான் பொருந்துகிறது. எவல்யூஷனில் ‘புதியது’ பட்டியைத் திறந்தால் அப்பாயின்ட்மென்ட், மீட்டிங் என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். நாள் முழுவதற்குமான அப்பாயின்ட்மென்ட் என்று இன்னொன்றும் உண்டு. முதலாவதில் வேறு யாரையும் அழைக்க முடியாது. எனக்கு நானே கட்டிப்போட்டுக்கொள்ளும் நேரம் அது. வெள்ளிக்கிழமை 11 மணிக்குப் பல் மருத்துவர், மாலை 4 முதல் 5 வரை விடைத்தாள் திருத்துவது, 6.40-க்கு ரயில், எல்லாமே இதில் அடங்கும். விடைத்தாள் திருத்துவதில் யாரைச் சந்திக்கிறோம்? மீட்டிங் என்பதில்தான் பங்கேற்பாளர் பட்டியல் வருகிறது, அழைப்பு மடல் போகிறது. உண்மையில் சந்திப்பு நடக்கும் இடம் அதுதான். அப்பாயின்ட்மென்ட்டுக்குச் சந்திப்பு என்று கொடுத்துவிட்டால் மீட்டிங்குக்கு என்ன மிச்சம்?

இந்தக் குழப்பம் எங்கே உதைக்கும் என்பதற்கு ஒரு சரத்தையே (திரையில் தோன்றும், நாம் மொழிபெயர்க்கும் வரி) காட்டலாம். அதே செயலியில், தனியாகப் போட்டுவைத்த ஒன்றைப் பிறகு பலருடன் பகிர நினைத்தால் ‘மீட்டிங்காக மாற்று’ என்ற கட்டளை இருக்கிறது. எதிர்த்திசையில் மாற்றவும் ஒரு கட்டளை உண்டு. இரண்டு கருத்துக்கும் சந்திப்பு என்றே எழுதியிருந்தால், சந்திப்பைச் சந்திப்பாக மாற்றச் சொல்கிறோம். பயனர் அந்த இடத்தில் தமிழ் இடைமுகத்தை அணைத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவார். நாம் இத்தனை பேர் உட்கார்ந்து செய்யும் வேலை இப்படி ஒரு சரத்தில் வீணாகக் கூடாது.

இதற்கு அடியில் ஒரு தொழில்நுட்பச் செய்தியும் இருக்கிறது, சொல்லைத் தேர்வு செய்ய அது உதவும். நாட்காட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஐகேலண்டர் தரம் 1998-இல் ஆர்.எஃப்.சி. 2445 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது, 2009-இல் ஆர்.எஃப்.சி. 5545 ஆகத் திருத்தப்பட்டது. அந்தத் தரத்தில் அப்பாயின்ட்மென்ட் என்றோ மீட்டிங் என்றோ தனி உறுப்பே கிடையாது. ஈவென்ட் என்று ஒன்றுதான். அதில் பங்கேற்பாளர் வரி சேர்ந்தால் கூட்டம், சேராவிட்டால் ஒருவருடைய சொந்த நேரம். தண்டர்பேர்டும் கே-ஆர்கனைசரும் இந்தப் பிரிவினையே வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் ஈவென்ட் என்றே அழைக்கின்றன. ஆகவே ‘நிகழ்வு’ என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்வோம், மூன்று செயலிகளுக்கும் அது ஒத்துவரும். எவல்யூஷனில் மட்டும் அதன் கீழே இரண்டு சொற்கள் வேண்டும்.

சரி, அந்த முதல் சொல் எது? நம் ஆட்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் ‘நேரம்’ என்ற சொல் எல்லா இடத்திலும் வருகிறது. ‘டாக்டர்கிட்ட டைம் வாங்கியாச்சா?’ என்கிறோம். ‘ஆளுநரைச் சந்திக்க நேரம் கேட்டுள்ளனர்’, ‘முதல்வர் நேரம் ஒதுக்கினார்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. கேட்பவர் நேரம் கேட்கிறார், கொடுப்பவர் நேரம் ஒதுக்குகிறார். சந்திப்பு அதற்குப் பிறகுதான்.

‘குறி’ என்ற வினையிலிருந்து ஆக்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நாள் குறிப்பது, முகூர்த்தம் குறிப்பது என்று வேர் நல்ல வேர்தான், எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் பெயர்ச்சொல்லாக்கும்போது இடிக்கிறது. ‘நேரக்குறிப்பு’ என்றால் நோட்டில் எழுதிவைக்கும் குறிப்பு போலத் தோன்றும், போதாததற்குக் கே-ஆர்கனைசரின் ஜர்னலுக்கு ‘நாட்குறிப்பு’ என்று ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறோம். ‘குறித்த நேரம்’ என்றால் தாமதமில்லாமல் என்று பொருள் போய்விடும். இலங்கைச் செய்திகளில் ‘குறித்த நபர்’ என்றால் மேற்சொன்ன நபர், ஆகவே அங்கே ‘குறித்த நேரம்’ என்பது மேற்சொன்ன நேரம் என்றாகும். ‘முன்பதிவு’ பேருந்துக்கும் ரயிலுக்கும் அருமையான சொல், ஆனால் அது பிறரிடமுள்ள இருக்கையைப் பிடிப்பது. சொந்த நேரத்தை யாரும் முன்பதிவு செய்வதில்லை. ‘நேரப்பதிவு’ என்பது வருகைப் பதிவேட்டை நினைவூட்டுகிறது.

ஆகவே என் முன்மொழிவு ‘ஒதுக்கு’ என்ற வினை. பொத்தானில் பெயர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். பொத்தான் ஒரு செயலைச் செய்கிறது, தமிழில் அதை ஏவலாகச் சொன்னால் போதும். ‘புதிய அப்பாயின்ட்மென்ட்’ என்பது ‘நேரம் ஒதுக்கு’. ‘புதிய மீட்டிங்’ என்பது ‘கூட்டத்துக்கு அழை’. பெயராக வேண்டிய இடத்தில் ‘நேர ஒதுக்கீடு’, ‘கூட்டம்’. வெறும் ‘ஒதுக்கீடு’ என்று சுருக்காதீர்கள், அது உடனே இட ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மாற்றும் கட்டளைகள் ‘கூட்டமாக மாற்று’, ‘நேர ஒதுக்கீடாக மாற்று’ என்று தெளிவாகப் பிரிந்துவிடுகின்றன.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒரு நிகழ்வைப் போட்டுவிட்டு ‘இந்த நேரத்தில் அலுவலில் இருப்பதாகக் காட்டு’ என்ற குறியை எடுத்துவிடலாம். தங்கையின் பிறந்தநாளை நாள் முழுவதற்கும் போடுகிறோம், அதற்காக அன்று யாரும் நம்மைக் கூப்பிடக் கூடாது என்றில்லை. நேரத்தை ஒதுக்காத ஒன்றை நேர ஒதுக்கீடு என்பது முரண். நடைமுறையில் இப்படி வருபவை பெரும்பாலும் பிறந்தநாளும் விடுமுறையும்தான், எல்லாம் நாள் முழுவதற்கும் உரியவை. ஆகவே அந்த மூன்றாவது பட்டி உருப்படியை மட்டும் ‘முழுநாள் நிகழ்வு’ என்று எழுதிவிட்டால் சிக்கல் தீரும் என்பது என் கருத்து.

பகிர்வுக்கு வருகிறேன். இங்கேதான் தமிழ் கொஞ்சம் அழகாகவே உட்காருகிறது. ஒருவருடைய நாட்காட்டியை முழுதாகக் காட்டாமல், எந்த மணியில் அவர் சும்மா இருக்கிறார், எந்த மணியில் இல்லை என்பதை மட்டும் காட்டும் வசதிக்கு ஃப்ரீ-பிஸி என்று பெயர். வேலை என்ன என்பது வெளியே தெரியாது, கட்டங்கள் மட்டும் நிறம் மாறித் தெரியும். இதற்கு ‘ஓய்வு / மும்முரம்’ என்று ஒரு பரிந்துரை வந்தது. ஓய்வு என்பது களைப்பாறுவது, அல்லது பணி ஓய்வு. காலியாக இருக்கும் மணியில் நான் களைப்பாறுகிறேன் என்று செயலி ஏன் சொல்ல வேண்டும்? ‘எனக்கு ஒழியவில்லை’, ‘ஒழிந்த நேரத்தில் வா’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ‘ஒரு அலுவல் இருக்கு’ என்று யாழ்ப்பாணத்தில் நாள்தோறும் சொல்கிறார்கள். ‘ஒழிவு / அலுவல்’ என்று இணையாக வைத்தால் இரண்டு பக்கத்து வழக்கும் ஒரே கட்டத்தில் சேர்கின்றன. தொகுப்புப் பெயராக ‘நேர நிலவரம்’ என்று வைக்கலாம்.

அழைப்புக்கான பதில்களில் ஒரு எச்சரிக்கை. ஏற்பு, மறுப்பு இரண்டும் எளிது. மூன்றாவதான டென்டேட்டிவ்-க்குத் ‘தற்காலிகம்’ என்று வரைவில் இருக்கிறது, அது தவறு. வருகை தற்காலிகமானது இல்லை, முடிவுதான் இன்னும் எடுக்கப்படவில்லை. ‘பார்க்கலாம்’ என்று எழுதலாமா என்றால், நம்மிடையே பார்க்கலாம் என்பது பல நேரம் மரியாதையான மறுப்பு. ‘உறுதியில்லை’ போதும். அப்புறம், இந்தச் சரங்கள் இரண்டு இடங்களில் வருகின்றன: ஒன்று நான் அழுத்தும் பொத்தான், மற்றது பங்கேற்பாளர் பட்டியலில் பிறர் பெயருக்கு எதிரே தெரியும் நிலை. பொத்தானில் ‘வருகிறேன்’ என்று தன்மையில் எழுதினால் இயல்பாக இருக்கும், ஆனால் அதே சரம் பட்டியலில் இன்னொருவர் பெயருக்கு எதிரே போய் நின்றால் அபத்தம். மொழிபெயர்ப்புச் சரங்கள் இருக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பில், சரம் எங்கே வருகிறது என்று சொல்லும் சூழல் வரி தனித்தனியாக இருந்தால் பிரித்து எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டிலும் ‘ஏற்பு’ என்றே விட்டுவிடுங்கள்.

பிற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்திலுள்ள ஒரு நாட்காட்டியைத் தொடர்ந்து பெறும் வசதிக்குச் ‘சந்தா’ வேண்டாம், பணம் கட்ட வேண்டுமோ என்ற ஐயம் வரும். ‘தொடர்ந்து பெறு’ என்று எழுதலாம். நினைவூட்டல் பெட்டியில் ஸ்னூஸ் என்பது ‘சற்றுப் பிறகு’. டிஸ்மிஸ் என்பது ‘மூடு’, அங்கே ‘பணிநீக்கம்’ என்று எந்திரமொழிபெயர்ப்பு போட்டிருப்பதை யாராவது உடனே நீக்குங்கள். மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வை அழிக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு ‘இது மட்டும்’, ‘இதுவும் இனி வருபவையும்’, ‘அனைத்தும்’ என்ற மூன்றும் குழப்பமில்லாமல் இருக்கின்றன.

கடைசியாக, டைம் ஜோனுக்கு நேர வலயமா, நேர மண்டலமா என்ற கேள்வி. இலங்கையில் கல்வி வலயம் என்று அரசே எழுதுவதால் அங்கே வலயம் பழகிய சொல். தமிழ்நாட்டில் மண்டல அலுவலகம் என்று மண்டலம்தான் பழக்கம். தேதி, திகதி போல இதையும் இரண்டாக வைத்துக்கொள்ள மொழிக்கோப்பு ஒன்றுதான் இருக்கிறது. நான் ‘வலயம்’ பக்கம். சொல் எதுவானாலும் அந்தப் பெட்டியைத் தமிழில் தெளிவாக்குவது நமக்குத்தான் மிகவும் தேவை. நம் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 7.30 என்று சென்னையில் போட்டால், 2006 ஏப்ரலிலிருந்து அதே நேரத்தைக் கடைப்பிடிக்கும் கொழும்பிலும் 7.30. சிங்கப்பூரில் இரவு 10. டொரண்டோவில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் காலை 9. வலயத்தைச் சரியாகத் தேர்ந்து ஒருமுறை போட்டுவிட்டால் செயலியே ஒவ்வொருவருக்கும் மாற்றிக் காட்டும், மடலில் மணியைத் தட்டச்சு செய்து ‘உங்கள் நேரம் எத்தனை’ என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மேலே சொன்னவற்றைச் சோதனைக் கோப்பில் ஏற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்து நண்பர்கள் ‘அலுவல்’ என்பதையும், மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் ‘ஒழிவு’ என்பதையும் வீட்டில் பெரியவர்களிடம் திரையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் சார்பில் அவருடைய நாட்காட்டியைக் கையாளும் டெலிகேட்டுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘பிரதிநிதி’ தேர்தலை நினைவூட்டுகிறது, ‘சார்பாளர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், சரங்களை இனி மாற்றாதபடி முடக்குவதற்கு முன் இதையும் முடித்துவிடலாம்.

அன்புடன்