புதுப்பிப்பு: அரை அளவு வயலினில் நெசவு

சிறுவயதில் கற்ற அரை அளவு வயலினின் நான்கு கம்பிகளையே பாவாக்கி, அதாவது நெசவின் நீளவாட்டு இழைகளாக்கி, நெய்யலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது சரிவராது. கம்பிகளை முறுக்கும் பிரடை அருகே அவை நெருங்குவதால், குறுக்கு நூலான ஊடை அந்தக் குறுகலுக்கே நழுவித் தொளதொளக்கிறது.

கம்பிகளையும், அவற்றைத் தாங்கும் மரத்துண்டான குதிரையையும் கழற்றுங்கள். இழுவிசை போனால் உள்ளே நிற்கும் சிறு மரத்தூண் சாய்ந்து உருளலாம், எதுவும் உடையவில்லை. தூண் இல்லாததால் பாவு நூலை அதிகம் இறுக்க வேண்டாம்.

குதிரையின் இடத்தில் 3 செ.மீ. உயரத் தக்கை, கழுத்தின் மேல்முனையில் பென்சில் கனத்துக் குச்சி. இரண்டிலும் 4 மி.மீ. இடைவெளியில் பாவு நூல் உட்கார 9 வெட்டுகள். தக்கையும் குச்சியும் இல்லையேல் பாவு விரல்பலகையில் ஒட்டி ஊசி நுழையாது. முறுக்கேறிய பருத்தி நூலே பாவுக்கு நல்லது. கம்பளி நூல் நீண்டுவிடும்.

ஊடையை நேராக இழுக்காமல் வில்போல் வளைத்து விட்டு, பிறகு முள்கரண்டியால் தட்டுங்கள், ஓரம் உள்வாங்காது. மேல்பலகையில் ஆணி மட்டும் கூடவே கூடாது: மென்மரம், ரேகையோடு பிளந்துவிடும்.